மொக்கைக்கு வயது என்ன? அகராதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அகராதித் தொகுப்பாளர்களுக்கும், தமிழ்த் துறைப் பேராசிரியர்களுக்கும், மொழி வளர்ச்சிக்கென்று வரும் பணத்தை எதில் செலவழிப்பது என்று முடிவு செய்யும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். தமிழுக்கு ஒரு ஸ்லாங் அகராதி வேண்டும். ‘கெத்து என்றால் மிடுக்கு, கலாய்ப்பது என்றால் கிண்டல் செய்வது’ என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிட்டு நகர்கிற பட்டியலை நான் கேட்கவில்லை, அது இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் கேட்பது வரலாற்று அகராதி. ஒரு சொல் எந்த ஆண்டில், எந்த நாடக நோட்டீசில், எந்தப் பத்திரிகைத் துணுக்கில், எந்தப் படத்தின் எந்தக் காமெடியில் முதன்முதலாகத் தலைகாட்டியது, அன்றைக்கு அதற்கு என்ன பொருள், இருபது வருடம் கழித்து அது என்னவாக ஆனது, எப்போது ஆளில்லாமல் செத்தது என்று அந்தந்த வாக்கியத்தையே தேதி போட்டு வரிசையாக எடுத்து வைக்கிற அகராதி. இலக்கியச் சொற்களுக்கு வரலாற்றுமுறைப் பேரகராதி போட்டாயிற்று. கல்வெட்டுச் சொற்களுக்கும் அகராதி வந்துவிட்டது. தெருவுக்கு மட்டும் இன்னும் முறை வரவில்லை.

ஸ்லாங் என்று ஆங்கிலச் சொல்லைப் போடுகிறானே என்று முதல் பத்தியிலேயே சிவப்புப் பேனாவை எடுத்திருப்பீர்கள். கொச்சை என்றால் அதிலேயே ஒரு தீர்ப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேச்சு வழக்கு என்றால் வீட்டில் அம்மா பேசுவதும் அதில் அடங்கிவிடும். வட்டார வழக்கு வேறு சரக்கு. குழூஉக்குறி, அதாவது ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளும் சொல், கொஞ்சம் பொருந்தும், அதற்குப் பிறகு வருகிறேன். அதுவரை ஸ்லாங்.

இந்த மாதிரி அகராதியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு தடவை ஜோனதன் கிரீன் தொகுத்ததைத் திறந்து பார்க்க வேண்டும். 2010-ல் மூன்று தடித்த தொகுதிகளாக அச்சில் வந்தது, 2016-ல் இணையத்துக்கும் வந்தது. ஆங்கில ஸ்லாங்கின் ஐந்நூறு ஆண்டுகள், நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள், ஒற்றை மனிதர் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொட்டிச் செய்த வேலை. அதில் ஒரு சொல்லைத் தேடிப் போனவன் அந்த ஒரு சொல்லோடு திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. போதை ஏறியவனுக்கு என்னென்ன பெயர் என்று பார்க்கப் போவோம், வந்துகொண்டே இருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆண்டு, அதன் கீழே அந்த ஆண்டில் யாரோ ஒருவன் எழுதிய வாக்கியம், அப்படியே இறங்கிக்கொண்டு போனால் மணி இரண்டாகியிருக்கும். நேற்றைய பையன்கள் கண்டுபிடித்தது என்று நாம் அடித்துச் சொன்ன சொல் இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு திருடனின் கதையில் கிடக்கும். தாத்தா காலத்துச் சரக்கு என்று நினைத்தது போன தலைமுறையில்தான் பிறந்திருக்கும். சொந்தக் காதை நம்பியே பழகிய சொற்பிரியர்களுக்கு இதைவிடப் பெரிய சூடு வேறு இல்லை. சூடு வாங்கிய பிறகு இன்னும் நாலு சொல்லைத் தேடத் தோன்றும், அதுதான் இதன் போதை.

இந்த வேலையை ஆரம்பித்தவர்கள் யாரும் பண்டிதர்கள் இல்லை. 1567-ல் தாமஸ் ஹார்மன் என்ற இங்கிலாந்து நிலக்கிழார் தன் வீட்டு வாசலுக்கு வந்த பிச்சைக்காரர்களிடமும் நாடோடிகளிடமும் பேச்சுக் கொடுத்துக் கொடுத்து அவர்களுடைய ரகசியப் பேச்சை ஒரு பட்டியலாகப் போட்டார். ஊரை எச்சரிப்பதுதான் நோக்கம், இந்த எத்தர்களிடம் ஏமாறாதீர்கள் என்று. ஆனால் மது குடிப்பதற்கு ஆங்கிலத்தில் இன்றும் புழங்குகிற ‘பூஸ்’ என்ற சொல்லின் பழைய வடிவம் அந்தப் பட்டியலில் உட்கார்ந்திருக்கிறது. எச்சரிக்கை காலாவதியாகிவிட்டது, சொல் ஆகவில்லை. 1785-ல் பிரான்சிஸ் குரோஸ் வந்தார், ராணுவத்தில் கேப்டனாக இருந்தவர், பழம்பொருள் ஆராய்ச்சிக்காரர், ஆளும் நல்ல பருமன். கோக்கிங் என்ற உதவியாளரைக் கூட்டிக்கொண்டு ராத்திரியில் லண்டன் சேரிகளிலும் சாராயக் கடைகளிலும் சுற்றிக் காதில் விழுந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு வந்து அகராதியாகப் போட்டார். அடுத்தது ஜேம்ஸ் ஹார்டி வாக்ஸ். இவர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட திருடர். 1812-ல் காவலில் இருந்தபடியே கள்ளர் பேச்சுக்கு ஓர் அகராதி எழுதி, அதைத் தன்னை மேய்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கே காணிக்கையாக்கினார், நீதி வழங்கும்போது உதவும் என்று. ஆஸ்திரேலியாவில் தொகுக்கப்பட்ட முதல் அகராதி அதுதான். அதிகாரிகளுக்கு மடல் எழுதும் எனக்கு அவர்தான் முன்னோடி.

குரோஸின் அகராதியில் ஒரே ஒரு பொருளை மட்டும் பார்ப்போம். தேநீர். அந்தக் காலத்தில் லண்டன் தெருவில் அதற்கு ‘வம்புக் கஞ்சி’ என்று பெயர். இன்னொரு பெயர் ‘அரட்டைக் கஞ்சி’. மூன்றாவது ‘பூனை நக்கல்’, அதாவது பூனை நக்கிக் குடிக்கிற மாதிரி சப்பென்ற திரவம். சாராயம் குடிக்கிறவன் தேநீர் குடிக்கிறவர்களைப் பார்த்து வைத்த பெயர்கள் என்று சொல்லாமலே தெரிகிறது. நாலு பேர் கூடி உட்கார்ந்து கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரார் தலையை உருட்டுவது, அதைப் பார்த்து ஒருவனுக்கு எரிவது, எல்லாம் அந்த மூன்று பெயர்களில் இருக்கிறது. அந்தக் காலத்துத் தேயிலை இறக்குமதிக் கணக்கை எத்தனை பக்கம் படித்தாலும் இது கிடைக்காது. அதே அகராதியில் ஜின் சாராயத்துக்கு ‘என்னை அம்மணமாக்கு’ என்று ஒரு பெயர் இருக்கிறது. போட்டிருக்கும் சட்டையையும் விற்றுக் குடித்தவர்களின் ஊரில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி எழுதிய நன்னூல் இருக்கிறது. அதில் இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும் சூத்திரம் உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியது இல்லை. உரைகாரர்கள் குழூஉக்குறிக்குத் தரும் உதாரணங்கள்: பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பார்கள், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பார்கள். சொல்விளம்பி! உள்ளே போனதும் உள்ளே இருக்கிற சொல்லை வெளியே கொண்டுவந்து பரிமாறுகிற பானம். காட்டில் வேட்டைக்குப் போய்விட்டு வந்து கலயத்தைச் சுற்றி உட்கார்ந்த ஒரு கூட்டம் வைத்த பெயர் இது. லண்டன்காரன் அரட்டைக் கஞ்சி என்று தேநீரைச் சொன்னதும் இவர்கள் கள்ளைச் சொல்விளம்பி என்றதும் ஒரே புத்தி. குரோஸ் பிறப்பதற்கு முன்பே இந்தப் புத்தியை இங்கே ஏட்டில் ஏற்றியாயிற்று.

அதிலும் இந்த மூன்றையும் நன்னூல் வைத்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள், தகுதி வழக்கு. இலக்கணக்காரர், அதுவும் ஒரு சமண முனிவர், இன்னின்ன கூட்டத்தார் தங்களுக்குள் இப்படிப் பேசிக்கொள்வார்கள், அதுவும் வழக்குதான் என்று இடம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எங்கிருந்து வந்தது?

வந்தது வந்தாயிற்று. நடந்தது என்னவென்றால், அந்த மூன்று உதாரணங்களோடு கடையை மூடிவிட்டோம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பறி, காரை, சொல்விளம்பி என்று அதே மூன்றை மனப்பாடம் செய்து அதே இரண்டு மதிப்பெண் வாங்குகிறார்கள். மாட்டுத் தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது வாயில் சொல்லும் சொற்கள், லாரிக்காரர்களின் சொற்கள், சிறைக்குள் புழங்கும் சொற்கள், சினிமா செட்டில் லைட் தூக்குகிறவர்களின் சொற்கள், இவையெல்லாம் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது உதாரணமாக ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

நம்முடைய ஸ்லாங்கில் கொஞ்சம் வேறு யார் வீட்டிலோ பத்திரமாக இருக்கிறது என்பது இன்னொரு கூத்து. இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர்களின் பேச்சைத் தொகுத்து 1886-ல் யூலும் பர்னலும் வெளியிட்ட ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியைப் புரட்டினால் ‘மல்’ என்று ஒரு சொல் வரும். மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு மற்ற மாகாணத்து வெள்ளைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். எங்கிருந்து வந்தது? நம் மிளகுத்தண்ணீரை அவர்கள் வாயில் போட்டு மல்லிகட்டானி ஆக்கினார்களே, அதன் தலைப்பகுதி. ரசம் குடித்துக் குடித்தே ரசம் ஆகிவிட்டவர்கள் என்ற கேலி. மதராஸில் உத்தியோகம் பார்த்த நாலு துரைகளுக்கு என்ன பட்டப்பெயர் என்பதற்கு ஆதாரத்தோடு பதிவு இருக்கிறது. அதே துரைகளுக்கு அவர்களுடைய பல்லக்குத் தூக்கிகளும் சமையல்காரர்களும் முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் வைத்தார்கள் என்பதற்கு? அதுதான் இதைவிடச் சுவையாக இருந்திருக்கும்.

சரி, தேதி எதற்கு, பொருள் போதாதா என்று கேட்பீர்கள். தேதி இல்லாத இடத்தில் கதை வந்து உட்கார்ந்துகொள்ளும், அதனால்தான். ‘ஓகே’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது செவ்விந்தியர் மொழிச் சொல், இல்லை கிரேக்கம், இல்லை ஓர் அரசியல்வாதியின் ஊர்ப்பெயர் என்று ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருந்தார்கள். ஆலன் வாக்கர் ரீட் என்பவர் பழைய செய்தித்தாள்களைத் தோண்டி 1839 மார்ச் 23 தேதியிட்ட பாஸ்டன் நாளிதழில் அதைக் கண்டுபிடித்தார். ‘ஆல் கரெக்ட்’, அதாவது ‘எல்லாம் சரி’ என்பதை வேண்டுமென்றே எழுத்துப்பிழையோடு எழுதி, அதையும் சுருக்கி எழுதுவது அப்போது அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. அவ்வளவுதான் சமாச்சாரம். அதற்கு முந்தைய கதைகள் அத்தனைக்கும் அன்றே பால் ஊற்றியாயிற்று.

நம்மிடம் ‘ஓசி’ இருக்கிறது. கம்பெனி ஆட்சிக் காலத்தில் அரசு வேலையாகப் போகிற கடிதத்துக்குத் தபால் காசு கிடையாது, அதன் மேல் ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்பதன் முதல் எழுத்துகளைப் போடுவார்கள், அதுதான் ஓசி ஆனது என்று ஆண்டுக்கு நாலு முறை வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையாகவும் இருக்கலாம், கட்டுக்கதையாகவும் இருக்கலாம். தீர்ப்பதற்கு ஒரே வழிதான், ஓசி என்ற சொல் இலவசம் என்ற பொருளில் அச்சில் முதலில் எப்போது வந்தது என்று பார்ப்பது. கம்பெனி காலத்தை ஒட்டி வந்திருந்தால் கதைக்கு வலு, நூறு வருட இடைவெளி இருந்தால் சந்தேகம். அந்த ஒரு தேதியைத் தேடித் தர ஒரு நூல் இல்லாததால் நாம் இன்னும் ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறோம்.

தலைப்பில் போட்ட சொல்லுக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த வம்சாவளி அது. சலிப்பூட்டும் பேச்சுக்குத் தமிழில் எத்தனை சொல் என்று பாருங்கள். கழுத்தறுப்பு. அறுவை. ‘ஆள் செம அறுவைப்பா’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று. அறுப்பது என்று ஆன பிறகு கருவி வேண்டுமே, பிளேடு வந்தது. பிளேடு போடுகிறான். பிளேடு போதாதவர்கள் ரம்பம் போட்டார்கள், அது பல் உள்ளது, இழுத்து இழுத்து அறுக்கும். அப்புறம் மொக்கை. மொக்கை என்றால் மழுங்கியது, முனை போனது, மொக்கைக் கத்தி என்று அடுப்படியில் சொல்வது அதுதான். கூர் இருந்தாலாவது சட்டென்று முடிந்திருக்கும், இவனிடம் இருப்பது மழுங்கல் கத்தி, அறுபடவும் மாட்டேன் என்கிறது, உயிரும் போக மாட்டேன் என்கிறது. ஒரே உருவகத்தை வைத்துக்கொண்டு முகம் தெரியாத கூட்டம் ஒன்று தலைமுறை தாண்டி விளையாடியிருக்கிறது, முன்னவன் அறுவை என்றதைப் பின்னவன் மறக்காமல் ஒரு படி மேலே கொண்டு போயிருக்கிறான். எந்தக் கவிஞர் சபையும் கூடி இப்படி ஓர் அந்தாதி பாடியது கிடையாது.

ஆனால் இந்த வரிசை என் காதுக் கணக்கு. பிளேடு முந்தியா, ரம்பம் முந்தியா? மொக்கை கத்தியிலிருந்துதான் இங்கே வந்ததா, ‘மொக்கையான ஆள்’ என்று முதலிலேயே மந்தமானவனைச் சொல்லிக்கொண்டிருந்து அங்கிருந்து தாவியதா? சுவையற்றது, தரமற்றது என்ற பொருளில் ‘மொக்கைப் படம்’ எப்போது கிளம்பியது? நாலு வார இதழ்களின் பழைய தொகுப்புகளைப் பொறுமையாகப் புரட்டினால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். புரட்டுவதற்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் பிரச்சினை.

காசு என்ற ஒன்றை மட்டும் எடுத்தாலே ஒரு அத்தியாயம் தேறும். துட்டு என்பது டச்சுக்காரர்களின் சின்னக் காசின் பெயர். டப்பு, சல்லி இரண்டும் அப்படியே ஒரு காலத்தில் கையில் புரண்ட சில்லறைகள்தான். காசு செத்துப் பல தலைமுறை ஆகிறது, பெயர் மட்டும் பணம் முழுவதையும் ஆண்டுகொண்டிருக்கிறது. மதராஸ் பாஷையைத் தொட்டால் உருதுவும் பாரசீகமும் கொட்டும். கலீஜ், பேஜார், உஷார், சோக்கு என்று. பேஜார் அங்கே வெறுத்துப்போன மனநிலையைச் சொல்லும் சொல், இங்கே வண்டி பஞ்சர் ஆனாலும் பேஜார்தான். கஸ்மாலத்தின் கதை இன்னும் மேலே. கீதையில் இரண்டாம் அத்தியாயத்தில், வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்து ‘இந்த நேரத்தில் உனக்கு இந்தக் கஷ்மலம் எங்கிருந்து வந்தது’ என்று கிருஷ்ணன் கேட்கிறான். போர்க்களத்தில் மனச்சோர்வாக இருந்த சொல் எந்த வழியாக நடந்து வந்து குழாயடியில் வசவானது? இடையில் யார் யார் வாயில் இருந்தது? அந்தப் பயணச்சீட்டைத்தான் வரலாற்று அகராதி என்கிறேன்.

எல்லாச் சொல்லும் இப்படிச் சிரிப்பாக இருக்காது. கம்மனாட்டி என்பது கைம்பெண்டாட்டி தேய்ந்து வந்தது, விதவை என்று பொருள். கணவனை இழந்தவளைக் குறித்த சொல் தேய்ந்து, ஆணையும் பெண்ணையும் திட்டுகிற சொல்லாகி, இன்று அது என்ன சொல் என்றே தெரியாமல் சின்னப் பையன்கள் சொல்லிக்கொண்டு ஓடுகிறார்கள். நம் வசவுகளில் பெண்ணையும் சாதியையும் உடல் குறையையும் இழுக்காதது தேடித்தான் பார்க்க வேண்டும். இதைத்தான் காரணமாகக் காட்டி, இதையெல்லாம் அகராதியில் ஏற்றலாமா என்று கேட்பீர்கள், தெரியும். ஏற்ற வேண்டும். யாரை, எப்போதிலிருந்து, எந்தச் சொல்லால் இழிவு செய்தோம் என்பதற்குத் தேதியிட்ட பதிவு இருப்பது நல்லதா, அப்படியெல்லாம் இங்கே யாரும் பேசியதே இல்லை என்று பிற்காலத்தில் ஒருவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இடம் கொடுப்பது நல்லதா? பக்கத்திலேயே தெளிவாக ‘இழிசொல், இன்னாரைப் புண்படுத்துவது’ என்று குறி போடுங்கள். மறைக்க மட்டும் வேண்டாம். புள்ளி புள்ளியாகப் போட்டு எழுத்தை விழுங்கும் பழக்கமும் வேண்டாம்.

இந்தக் கூச்சம் எல்லா ஊரிலும் இருந்ததுதான். ஜான் ஃபார்மர் 1890-களில் ஆங்கில ஸ்லாங்குக்கு ஏழு தொகுதி அகராதி போட்டுக்கொண்டிருந்தபோது, ஆபாசச் சொற்கள் வரும் பக்கங்களை அச்சடிக்க மாட்டோம் என்று அச்சகத்தார் மறுத்துவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார், வழக்கில் தோற்றார், வேறு ஆளைப் பிடித்து வேலையைத் தொடர்ந்து 1904-ல் முடித்தே விட்டார். அதே காலத்தில் தொகுக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஊருக்கே தெரிந்த இரண்டு கெட்ட வார்த்தைகளைத் தெரியாத மாதிரி தாண்டிப் போனது. 1972-ல் வந்த துணைத் தொகுதியில்தான் அவற்றுக்கு இடம் கிடைத்தது. நடுவில் அந்தச் சொற்களை யாரும் பேசாமலா இருந்தார்கள்?

இன்னொரு பக்கம் தனித்தமிழ் அன்பர்கள். உருதுவும் தெலுங்கும் ஆங்கிலமும் கலந்த இந்தக் கலவையைப் பாதுகாத்து என்ன ஆகப்போகிறது என்பார்கள். அகராதி பரிந்துரைக் கடிதம் கிடையாது, ஐயா. இந்தச் சொல்லைப் பேசுங்கள் என்று அது யாருக்கும் சொல்வதில்லை, இப்படிப் பேசினார்கள் என்று மட்டும் சொல்லும். ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட் என்ற பெரிய எழுத்தாளர் 1710-ல் ‘மாப்’ என்ற சொல்லைக் கண்டு எரிந்து விழுந்தார், லத்தீன் தொடரை வெட்டிச் செய்த கேவலமான சுருக்கம் என்று. இன்று அது கூட்டத்தைக் குறிக்கும் மரியாதையான சொல். எரிந்து விழுந்த தேதியும் பதிவில் இருக்கிறது, சொல்லும் பதிவில் இருக்கிறது. எதிர்த்தவர்களுக்கும் இந்த அகராதியில் இடம் உண்டு, தாராளமாகத் திட்டி எழுதுங்கள், அதையும் மேற்கோளாகப் போட்டுக்கொள்ளலாம்.

இதுவரை தமிழில் எதுவுமே நடக்கவில்லை என்று சொன்னால் நான் நன்றி கெட்டவன். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் சொற்களைத் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி, பெருமாள்முருகன் 2000-ல் தந்த கொங்குச் சொல்லகராதி, கண்மணி குணசேகரனின் நடுநாட்டுச் சொல்லகராதி, மூன்றையும் அரசாங்கமோ பல்கலைக்கழகமோ செய்யவில்லை என்பதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வைக்கிறேன். 1992-ல் வந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பேச்சு வழக்குக்குக் குறி போட்டு, எடுத்துக்காட்டு வாக்கியமும் தந்தது. இவர்கள் எல்லோரும் சொல்லின் ஊரைச் சொன்னார்கள், பொருளைச் சொன்னார்கள். நான் கேட்பது அதன் பிறந்த தேதி. ஸ்லாங்குக்கு ஊரைவிட வயதுதான் முக்கியம், கல்லூரியில் ஒரு பேட்ச் உள்ளே வந்து வெளியே போவதற்குள் அது மாறிவிடும்.

ஆதாரத்துக்கு எங்கே போவது என்று கையை விரிக்காதீர்கள். 1679-ல் அம்பலக்காட்டில் அச்சான ப்ரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதியில் பேச்சுச் சொற்கள் நிறைய இருக்கின்றன, சனங்களோடு பேச வேண்டிய அவசரம் அவருக்கு. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. வரலாற்றுக்காரர்கள் அதில் போரையும் அரசியலையும் தேடுகிறார்கள். எனக்கோ அது நாள் குறித்த பேச்சுத் தமிழ், இந்தச் சொல் இந்தக் கிழமையில் புழங்கியது என்றே சத்தியம் செய்யலாம், உலகத்தில் எத்தனை மொழிக்கு இந்தக் கொடுப்பினை? நொண்டி நாடகங்கள் இருக்கின்றன. குதிரை திருடப் போய்க் கால் வெட்டுப்பட்ட கள்ளன் தன் கதையைத் தானே சொல்கிறான், தாசி வீட்டில் பணத்தை இழந்தது முதல். ஹார்மன் தன் வாசலில் நிறுத்திக் கேட்ட கதைகளை இங்கே புலவர்கள் மேடையேற்றியிருக்கிறார்கள். குஜிலிக் கடையில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகங்கள், கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்து, பல அச்சான ஆண்டோடு சென்னை ரோஜா முத்தையா நூலகத்தைப் போன்ற இடங்களில் கிடைக்கும். 1931 முதல் பேசும் படங்கள், ஒவ்வொன்றுக்கும் தணிக்கைச் சான்றிதழில் தேதி. காமெடி ட்ராக்கைப் போல ஸ்லாங்குக்குச் சாட்சி சொல்ல ஆள் கிடையாது, எழுதியவர் மறைந்தாலும் தேதி மறையாது.

வேலை முறைக்கும் முன்மாதிரி இருக்கிறது. 1879-ல் ஜேம்ஸ் மர்ரே ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காகப் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் வெளியிட்டார், படிக்கிறவர்கள் சொல்லையும் வாக்கியத்தையும் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று. மூட்டை மூட்டையாக வந்தது. அஞ்சலட்டைக் காலத்திலேயே நடந்த காரியம். இன்று நடக்காமல் போனால் அதற்குக் காரணம் வேறு யாரும் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. அகர வரிசையில் ஆரம்பிக்காதீர்கள். அமெரிக்க ஸ்லாங்குக்கு ஜொனதன் லைட்டர் தொகுத்த வரலாற்று அகராதி 1994-ல் முதல் தொகுதி, 1997-ல் இரண்டாம் தொகுதி என்று அமர்க்களமாக வந்து, ஆங்கில ‘ஓ’ எழுத்தோடு நின்றுவிட்டது. பதிப்பகம் கைவிட்டது, மீதி எழுத்துகளுக்கு இன்றுவரை மூன்றாம் தொகுதி இல்லை. நம் ஊரில் கதை இன்னும் மோசமாகும். நமக்கு ‘க’ வரிசை எவ்வளவு பெரிது என்று உங்களுக்கே தெரியும், அதை முடிப்பதற்குள் இரண்டு இயக்குநர்கள் ஓய்வு பெற்று, மூன்றாமவர் எழுத்துருவை மாற்றலாமா என்று கமிட்டி போட்டிருப்பார். அதனால் இணையத்தில் ஆரம்பியுங்கள், எந்தச் சொல்லுக்கு ஆதாரம் கிடைக்கிறதோ அதை முதலில் ஏற்றுங்கள். முதல் வருடம் ஐம்பது சொல் போதும். ஓசி, துட்டு, அறுவை, மொக்கை, கஸ்மாலம் என்று தொடங்கினால் கூட்டம் தானாக வரும், அதைவிட முந்தைய ஆதாரம் என்னிடம் இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டே வரும். அந்தச் சண்டையை அனுமதிக்கிற மாதிரி தளத்தை அமையுங்கள், பதிவானதை யாரும் திருத்தக் கோரலாம், ஆனால் ஆதாரம் இல்லாமல் ஒரு எழுத்தும் மாறாது என்ற ஒரே விதி போதும்.

சீட்டில் சொல், வாக்கியம், எங்கே வந்தது, எந்தத் தேதி, இந்த நாலும் இருந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று மட்டும் சொல்லுங்கள். பழைய வார இதழ் துணுக்குகளிலிருந்து எழுதி வைத்த சீட்டுகள் என்னிடம் இரண்டு டப்பா இருக்கின்றன. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும்?

இப்படிக்கு,
சொல்பொறுக்கி ஒருவன்